அலெக்சாண்டருக்கு எத்தனை அப்பா?

"சிக்கந்தர்தான் அலெக்சாண்டர் என்கிறார்கள். இரண்டிலும் எழுத்தே ஒத்துப்போகவில்லையே, முன்னால் இருந்த 'அலெ' எங்கே போயிற்று? ஒரு கிரேக்கப் பெயர் இத்தனை நாட்டு வரலாற்றிலும் கதையிலும் எப்படிப் புகுந்தது?" இதுதான் கேள்வி. முதல் பாதிக்குப் பதில் சின்னது. அதை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போகலாம், சுவாரசியம் எல்லாம் அங்கேதான்.

கிரேக்க மூலம் அலெக்சாந்த்ரோஸ். 'அலெக்ஸ்' என்றால் தடுத்துக் காப்பது, 'ஆந்த்ர்' என்றால் ஆண். வருகிறவனைத் தடுத்துத் தன் ஆட்களைக் காப்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயர் அரபிக்காரர் காதில் விழுந்தபோது முன்னால் உள்ள 'அல்' அவர்களுடைய சொந்தச் சரக்கு மாதிரிக் கேட்டது. அல்-குர்ஆன், அல்-ஹிந்த் என்று பெயருக்கு முன்னால் அவர்கள் வழக்கமாக ஒட்டும் 'அல்'. அப்படியானால் பெயர் மீதி உள்ளதுதானே? எக்சந்தர். அதில் 'க்ஸ்' இடம் மாறி 'ஸ்க்' ஆனது: அல்-இஸ்கந்தர். இது வேறு எங்கும் நடக்காத விந்தை இல்லை. தசை நம்மிடம் சதை ஆகவில்லையா, விசிறி சிவிறி ஆகவில்லையா? கிராமத்துப் பாட்டிகள் வாயில் மதுரை இன்றும் மருதைதான். அப்புறம் பாரசீகத்திலும் வட இந்தியாவிலும் முன்னால் இருந்த 'இ' உதிர்ந்து, ஸகரத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. சிக்கந்தர். நாம் ஸ்கூலை இஸ்கூல் ஆக்கியதற்கு நேர் எதிர்த் திசை.

இடையில் ஒன்று. 'ஸ்கந்தன்தான் இஸ்கந்தர், முருகனே அலெக்சாண்டர்' என்று ஒரு வாதம் அவ்வப்போது சுற்றும். ஒலி ஒற்றுமையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. 'ஸ்க' என்ற வடிவமே, மேலே சொன்னபடி, அரபியில் பிறந்தது. ஸ்கந்தன் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவர்; கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக் குஷாண மன்னன் ஹுவிஷ்கனின் காசிலேயே ஸ்கந்த குமாரன் என்று கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறது. பெயர் ஆராய்ச்சியில் காதை மட்டும் நம்பினால் இப்படித்தான் வழுக்கும்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் இந்தப் பெயரின் கதையை மாசிடோனியாவின் மாவீரனில் தொடங்குவார்கள். அவன் பிறப்பதற்கு ஏறத்தாழ 900 ஆண்டு முன்பே பெயர் எழுத்தில் ஏறிவிட்டது. முதலில் ஏறியது ஒரு பெண்ணின் பெயராக.

கிரேக்கத்தின் மைசீனையில் கிடைத்த களிமண் பலகை ஒன்று. கி.மு. 13-ஆம் நூற்றாண்டு, 'லீனியர் பி' என்ற எழுத்து. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் இந்த எழுத்தின் பூட்டைத் திறந்த பிறகுதான் அதில் இருப்பது கிரேக்க மொழி என்றே உலகத்துக்குத் தெரிந்தது. பலகையில் காவியமும் இல்லை, அரசாணையும் இல்லை. பெண்களின் பெயர்கள், பக்கத்தில் எண்ணிக்கை. முதல் வரியில் படுக்கையைக் குறிக்கும் சொல் இருக்கிறது, ஆக யாருக்கு எத்தனை படுக்கை என்று அரண்மனைக் கணக்கர் எழுதிவைத்த பட்டியல் போலும். அதில் ஒரு வரி: ம-நோ, அ-ரெ-க-ஸ-த-ர-க்வெ, 2. உயிரையும் உயிர்மெய்யையும் மட்டுமே எழுதத் தெரிந்த எழுத்து அது; புள்ளி வைத்த மெய் கிடையாது, லகரத்துக்கும் ரகரத்துக்கும் ஒரே குறி. அதனால் அலெக்சாந்த்ரா 'அரெகஸதர' ஆகிவிட்டாள். கடைசியில் ஒட்டியிருக்கும் 'க்வெ' என்ன தெரியுமா? நம் '-உம்'. மானோ, அலெக்சாந்த்ராவும்: இரண்டு. உலகை வென்றவனின் பெயர் நமக்குக் கிடைக்கும் முதல் இடம் இரண்டு பெண்களின் படுக்கைக் கணக்கு. எனக்கு இந்தப் பலகை ரொம்பப் பிடிக்கும்.

ஏறத்தாழ அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய துருக்கியில், ஆண் பெயராகவும் வருகிறது. கி.மு. 1280 வாக்கில் ஹிட்டைட் பேரரசன் இரண்டாம் முவத்தல்லி ஒரு சிற்றரசனோடு ஒப்பந்தம் போடுகிறான். சிற்றரசனின் ஊர் விலுசா, பெயர் அலக்சந்து. விலுசா என்பது இலியோஸ், அதாவது டிராய் நகரம் என்பதை இன்று ஆய்வாளர்களில் மிகப் பலர் ஏற்கிறார்கள். இங்கே மயிர்க்கூச்செறியும். ஹோமரின் இலியட்டில் ஹெலனைத் தூக்கிக்கொண்டு வந்து டிராய்க்கு வினை தேடிய இளவரசன் பாரிஸ் இருக்கிறானே, அவனுக்கு இன்னொரு பெயர் அலெக்சாந்த்ரோஸ். இன்னொரு பெயர் என்பதுகூடத் தவறு, ஹோமர் பாரிஸ் என்று சொல்வதைவிட அலெக்சாந்த்ரோஸ் என்று சொல்லும் இடங்கள்தான் பல மடங்கு அதிகம். அந்த அலக்சந்துதான் இந்தப் பாரிஸ் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் ஹெலனும் இல்லை, மரக்குதிரையும் இல்லை. ஆனால் டிராயை ஆண்டவனுக்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்ற நினைவு பாணர்களின் வாய்வழியாக 500 ஆண்டு தாண்டி வந்திருக்கலாம்.

பாரிஸுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கிரேக்கர்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். பிறந்தவுடன் 'இவனால் நாடு எரியும்' என்று குறி சொல்ல, ராஜா குழந்தையை மலையில் விடச் சொன்னார். இடையன் எடுத்து வளர்த்தான். வளர்ந்தவன் கொள்ளையரை விரட்டி மந்தையைக் காத்ததால் அலெக்சாந்த்ரோஸ். இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள்: பெற்ற அப்பா ஒருவர், வளர்த்த அப்பா ஒருவர். இந்தப் பெயர் போன இடமெல்லாம் இந்த அப்பா விவகாரம் பின்னாலேயே வருகிறது. அவன் தங்கை கசாந்திராவுக்கும் அலெக்சாந்த்ரா என்று ஒரு பெயர் உண்டு. லிக்கோஃப்ரோன் என்ற கவிஞர் அவள் பேசுவதாக எழுதிய புரியாத கவிதைக்குத் தலைப்பே அதுதான். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே பெயர் என்றால் ரேஷன் கார்டில் தகராறுதான்.

மாசிடோனியாவுக்கு வந்தால், நாம் அறிந்த மாவீரன் அந்தப் பெயரில் மூன்றாமவன். முதலாம் அலெக்சாண்டர் ஒலிம்பிக் ஓட்டத்தில் கலந்துகொள்ளப் போனபோது மற்றவர்கள் தடுத்தார்கள்: 'இது கிரேக்கர்களுக்கான போட்டி, நீ வெளியாள்.' தன் பாட்டன் முப்பாட்டன் ஆர்கோஸ் என்ற கிரேக்க ஊர்க்காரர்கள் என்று நிரூபித்த பிறகே ஓட விட்டார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். மறுபடியும் அதே கேள்வி, உன் அப்பன் யார்?

மூன்றாம் அலெக்சாண்டர் கி.மு. 356-இல் பிறந்து 323-இல் பாபிலோனில் செத்தவன். அப்பா பிலிப். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவனைத் தவிர. எகிப்தைப் பிடித்த கையோடு பாலைவனம் கடந்து சீவா சோலையில் இருந்த அமோன் கோயிலுக்குக் குறி கேட்கப் போனான். அங்கே நடந்ததாக புளூட்டார்க் சொல்லும் துணுக்கு ஒன்று. கோயில் பூசாரி எகிப்தியர், கிரேக்கம் அரைகுறை. அன்பாக 'ஓ பைதியோன்', அதாவது 'வா தம்பி' என்று சொல்ல வாயெடுத்தவர் கடைசி எழுத்தை மாற்றி 'ஓ பைதியோஸ்' என்றாராம். அதைப் பிரித்தால் 'ஓ பை தியோஸ்', கிரேக்கரின் தலைமைக் கடவுளான சீயஸின் மகனே! நாக்கு குழறியதில் ஒரு மெய்யெழுத்து மாறியது, மாசிடோனியாக்காரன் கடவுள் மகன் ஆனான். உண்மையில் நடந்ததோ இல்லையோ, அதன் பிறகு இந்தக் கதை நிற்கவே இல்லை.

எகிப்தியர்கள் விட்டுவைப்பார்களா? அவன் கட்டிய அலெக்சாந்திரியாவில் கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் கிரேக்கத்தில் ஒரு கதைநூல் உருவானது. அதன்படி பிலிப் அப்பாவே இல்லை. எகிப்தின் கடைசிச் சுதேசி மன்னன் நெக்டானெபோ பெரிய மந்திரவாதி. பாரசீகருக்குத் தப்பி மாசிடோனியாவுக்கு ஓடி, பிலிப் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அமோன் கடவுள் வேடத்தில் ராணியிடம் போனான். பிறந்த பிள்ளைதான் அலெக்சாண்டர். ஆக எகிப்தை வென்றவன் அந்நியன் அல்ல, சொத்துக்கு உரிய வாரிசு! கணக்கு மட்டும் உதைக்கிறது. அலெக்சாண்டர் பிறந்த ஆண்டில் நெக்டானெபோ எகிப்தில் சிம்மாசனத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் ஓடியது அதற்கு 14 ஆண்டு கழித்து. கதை கேட்கிற யார் ஆண்டுக் கணக்குப் பார்த்தார்கள்? இந்த நூல் சிரியாக், அர்மீனியம், லத்தீன், அரபி என்று போய், இடைக்காலத்தில் எண்ணற்ற மொழிகளில் பல்கிப் பெருகியது.

பாரசீகத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. ஜரதுஷ்டிர மதத்தவரின் பழைய நூல்கள் அவனை 'சபிக்கப்பட்ட அலெக்சாண்டர்' என்றே திட்டும், வேதத்தை எரித்தவன் என்று. அதே மண்ணில் 1010-இல் முடிந்த ஃபிர்தௌஸியின் ஷாநாமாவில் அவன் பாதிப் பாரசீகன். பாரசீக மன்னன் தாராப், ரோம நாட்டு ஃபைலகூஸின் (நம் பிலிப்தான்) மகளை மணக்கிறான். பெண் அழகி, ஆனால் வாய் நாற்றம். வைத்தியர்கள் ஒரு பச்சிலை தந்து நாற்றத்தைப் போக்குகிறார்கள். மன்னனின் மனசு மட்டும் திரும்பவில்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அவளோ கர்ப்பம். பிள்ளை பிறந்ததும் தன்னைக் குணப்படுத்திய பச்சிலையின் பெயரையே வைக்கிறாள்: சிக்கந்தர். கிரேக்க மூலம் மறந்துபோன பெயருக்கு ஒரு மூலிகையைக் காரணமாக்கி, அவமானப்பட்ட ஒரு பெண்ணின் கதையையும் கோத்துவிட்டார்கள். இதன்படி சிக்கந்தரிடம் தோற்ற தாரா மன்னனும் (டேரியஸ்) சிக்கந்தரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள். படையெடுப்பு பங்காளிச் சண்டையாகிவிட்டது. தோற்ற நாடு தோல்வியை விழுங்கிச் செரித்த விதம் இது என்று எனக்குத் தோன்றும்.

யூதர்கள் அப்பாவை மாற்றவில்லை, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். எருசலேம் கோயிலில் தனக்குப் பொன்சிலை வைக்கச் சொல்லிக் கேட்டானாம். தலைமைக் குரு யோசித்தார். சிலை அவர்கள் மதத்தில் ஆகாது, அரசனிடம் முடியாது என்றும் சொல்லக்கூடாது. 'சிலை எதற்கு? இந்த ஆண்டு எங்கள் குருமார் வீடுகளில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் உங்கள் பெயர் வைக்கிறோம், உயிருள்ள நினைவுச்சின்னம்' என்றார். 10-ஆம் நூற்றாண்டு எபிரேய நூல் சொல்லும் கட்டுக்கதைதான். ஆனால் பெயர் உண்மையாகவே நிலைத்தது. கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் யூதேயாவை ஆண்டவர்கள் அலெக்சாண்டர் யன்னாயும் அவர் மனைவி சலோமி அலெக்சாந்திராவும். கிழக்கு ஐரோப்பாவின் யித்திஷ் மொழியில் அது தேய்ந்து 'செண்டர்' ஆயிற்று.

நம் பக்கம் வரலாம். அலெக்சாண்டர் ஜீலம் கரையில் போரஸோடு மோதியது கி.மு. 326. அதைப் பற்றி அக்கால இந்திய நூல் எதுவும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பெயர் கல்லில் இருக்கிறது. அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டு, தருமத்தால் வென்ற நாடுகளைச் சொல்லும்போது ஐந்து யவன (கிரேக்க) அரசர்களை வரிசைப்படுத்துகிறது. கடைசிப் பெயர் அலிகசுந்தர. மாவீரன் அதற்கு 60 ஆண்டுக்கு மேல் முன்பே போய்விட்டான். இது எபிரஸ் நாட்டு அலெக்சாண்டரோ கொரிந்தின் அலெக்சாண்டரோ, இருவரில் ஒருவர். அந்தப் பெயரைத் தாண்டி கல்வெட்டில் அடுத்து வருவது என்ன தெரியுமா? 'தெற்கே சோடர், பண்டியர், தம்பபன்னி (இலங்கை) வரை.' சோழரும் பாண்டியரும் அலெக்சாண்டரும் ஒரே மூச்சில்.

பாலி மொழியில் இன்னொரு வடிவம்: அலசந்த. மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூலில் கிரேக்க மன்னன் மிலிந்தன் தான் பிறந்த இடம் அலசந்தத் தீவு என்கிறான். இலங்கையின் மகாவம்சத்தில், எல்லாளனை வென்ற துட்டகாமணி அநுராதபுரத்தில் மகாதூபத்துக்கு அடிக்கல் நாட்டும்போது, யோனர்களின் (கிரேக்கர்களின்) அலசந்த நகரத்திலிருந்து மகாதம்மரக்கித தேரர் 30,000 பிக்குகளோடு வந்தாராம். எண்ணிக்கை காவியக் கணக்கு. அந்த அலசந்த எகிப்தின் அலெக்சாந்திரியாவா, காபூலுக்கு அருகில் இருந்த இன்னொன்றா என்று விவாதம் உண்டு. போகிற வழியெல்லாம் தன் பெயரில் ஊர் வைத்தவன், குழப்பம் வராமல் என்ன செய்யும்?

சுல்தான்கள் காலத்தில் பெயர் பட்டமாகிறது. அலாவுதீன் கில்ஜி காசில் தன்னை 'சிக்கந்தர்-இ-சானி', இரண்டாம் சிக்கந்தர், என்று அச்சடித்துக்கொண்டார். உலகையே வெல்லப் புறப்படலாமா என்று கேட்டபோது தில்லிக் கொத்தவால் (நகரக் காவல் தலைவர்) அலாவுல் முல்க், 'அவனுக்கு அரிஸ்டாட்டில் இருந்தார், இங்கே யார் இருக்கிறார்கள்?' என்ற பொருளில் அடக்கிவைத்ததாக வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார். நல்ல கொத்தவால். உலகத்துக்குப் பதில் தெற்கே படை வந்தது. மாலிக் காஃபூர் 1311-இல் மதுரையை எட்டினார். அப்புறம் மதுரையிலேயே ஒரு சுல்தானகம் உருவாகி, அதன் கடைசி சுல்தானுக்கும் சிக்கந்தர் என்றே பெயர். திருப்பரங்குன்றத்து தர்கா அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆக்ராவுக்குப் பக்கத்து சிக்கந்தராவுக்குப் பெயர் தந்தவர் சிக்கந்தர் லோடி. ஐதராபாத் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிந்த செகந்திராபாத், மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரில் 1806-இல் வந்தது.

குர்ஆனின் 18-ஆம் அத்தியாயத்தில் வரும் துல்கர்னைன், 'இரு கொம்புடையவர்', அலெக்சாண்டர்தான் என்று பல உரையாசிரியர்கள் கொண்டார்கள். இல்லை என்றவர்களும் உண்டு. அவன் இறந்தபின் அவன் தளபதி லிசிமாக்கஸ் வெளியிட்ட காசுகளில் அலெக்சாண்டரின் தலையில் அமோனின் ஆட்டுக்கடாக் கொம்பு சுருண்டிருப்பதைப் பார்த்தால், முதல் தரப்பு ஏன் அப்படி நினைத்தது என்பது விளங்கும்.

ஐரோப்பாவை விரைவாகத் தாண்டிவிடலாம், அங்கே பெயர் நேர்வழியில் போயிற்று. ஹங்கேரியில் ஷாந்தோர், ரஷ்யாவில் சாஷா, ஸ்காட்லாந்தில் மூன்று அரசர்கள், அவர்கள் வழியாகக் கேலிக் மொழியில் அலஸ்தர், அதிலிருந்து மக்காலிஸ்டர் என்ற குடும்பப் பெயர். தொலைபேசி பெல்லும் பெனிசிலின் ஃபிளெமிங்கும் ஸ்காட்லாந்தில் பிறந்த அலெக்சாண்டர்கள் என்பது தற்செயல் இல்லை. ஒருவர் மட்டும் தனி: அல்பேனியாவின் ஜெர்ஜ் கஸ்த்ரியோத்தி. சிறுவயதில் உஸ்மானியரிடம் பிணையாகப் போய், அவர்களிடமே போர் கற்று, 'இஸ்கந்தர் பே' என்று பெயர் வாங்கி, 1443-இல் அவர்களுக்கு எதிராகவே திரும்பினார். துருக்கியரை எதிர்த்த கிறிஸ்தவ வீரரை உலகம் இன்றும் துருக்கியர் வைத்த பெயரில்தான் ஸ்கந்தர்பேக் என்கிறது. போன இடத்தில் அரபி உடை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்கே திரும்பி வந்த கிரேக்கப் பெயர்.

கடைசியாக மலாய் நாடு. மலாய் அரச மரபைச் சொல்லும் 'செஜாரா மெலாயு' என்ற நூல் இஸ்கந்தர் சுல்கர்னைனில்தான் (அதே துல்கர்னைன்தான்) தொடங்குகிறது. அவர் இந்தியா வந்து, ஹிந்த் நாட்டு மன்னன் கீதா ஹிந்தியின் மகளை மணக்கிறார். அந்த வம்சத்தில் பின்னால் வருகிறவன் ராஜா சூலான் (சில படிகளில் சூரான்). பெயரைக் கேட்டாலே தெரிகிறதே, சோழன். ராஜேந்திரன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய நினைவு இப்படிக் கதையில் உறைந்திருக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சூலான் சீனாவைப் பிடிக்கப் படையோடு தெமாசெக், அதாவது இன்றைய சிங்கப்பூர் வரை வந்துவிடுகிறான். சீனர்கள் ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும் பல் விழுந்த கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். 'சீனா எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் கிழவர்கள் சொல்கிறார்கள்: 'கிளம்பும்போது நாங்கள் எல்லாம் இளவட்டம். இந்த ஊசிகள் அப்போது கை பருமன் இரும்புக் கம்பி.' சோழன் படையைத் திருப்பிக்கொண்டான்.

திரும்பியவன் சும்மா இருக்கவில்லை. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடிப் பெட்டி செய்து அதற்குள் உட்கார்ந்து இறங்குகிறான். இந்தக் கண்ணாடிப் பெட்டி எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? அலெக்சாந்திரியாவில் கிளம்பிய அந்தப் பழைய கதைநூலின் பிற்காலப் படிகளில் அலெக்சாண்டர் இறங்கிய அதே பெட்டிதான். ஆயிரம் ஆண்டு பயணம் செய்து வந்து, சோழனை ஏற்றிக்கொண்டது. அடியில் ஒரு ராஜ்யம். அங்கே ராஜகுமாரியை மணந்து மூன்று பிள்ளைகள் பெற்று, கடல்குதிரை ஏறிக் கரை சேர்கிறான். பிள்ளைகள் பின்னாளில் சுமத்ராவின் சிகுந்தாங் குன்றில் தோன்றுகிறார்கள். அங்கே நெல் விதைத்திருந்த இரண்டு விதவைகள் காலையில் எழுந்து பார்த்தால் கதிர் பொன்னாகவும் இலை வெள்ளியாகவும் மின்னுகிறதாம். 'நீங்கள் யார், எந்த வம்சம்?' என்று அந்தப் பெண்கள் கேட்கிறார்கள். இளவரசர்கள் சொன்ன பதில்: 'நாங்கள் இஸ்கந்தரின் வழியில் வந்தவர்கள்.'